பத்திரம் எழுதிய கவிஞர்: சல்வதோர் எஸ்பிரியு

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று நான் பேசப்போகும் கவிஞரை நம்மில் அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. பெயர் சல்வதோர் எஸ்பிரியு. எழுதிய மொழி கட்டலான். பிறந்தது 1913 ஜூலை 10. இறந்தது 1985 பிப்ரவரி 22. இந்த எழுபத்தொரு வருஷ வாழ்க்கையில் வெளியே எடுத்துச் சொல்லும்படியான சம்பவங்கள் என்று தேடினால் ஒரு கப்பல் பயணம், ஒரு போர், ஒரு போலீஸ் முற்றுகை, அவ்வளவுதான் தேறும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூட்டம் கண்டால் ஒதுங்குகிற சுபாவம். இருபது வருஷம் போல ஒரு நோட்டரி அலுவலகத்தில் பத்திரம் எழுதினார். மிச்ச நேரத்தில் கவிதை எழுதினார். ஆனாலும் அவர் பெயரைச் சொல்லாமல் இருபதாம் நூற்றாண்டுக் கட்டலான் இலக்கியத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாது. தன்னைப் பற்றி வானொலியில் ஒருவன் உட்கார்ந்து பேசுகிறான் என்று தெரிந்தால் மனுஷர் கூசிப்போயிருப்பார். அதற்காகப் பேசாமல் இருக்க முடியுமா?

முதலில் அந்த மொழியைப் பற்றிக் கொஞ்சம். கட்டலான் என்றால் ஸ்பானிஷின் ஒரு வட்டார வழக்கு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. லத்தீனிலிருந்து தனியாகக் கிளைத்து வளர்ந்த மொழி அது. ஸ்பெயினில் பார்சலோனாவைத் தலைநகராகக் கொண்ட கட்டலோனியா, வலென்சியா, மயோர்க்கா உள்ளிட்ட பலேயாரிக் தீவுகள், பிரான்சின் தெற்கு ஓரத்தில் பெர்ப்பின்யான் வட்டாரம், சார்டினியாத் தீவில் அல்கேரோ என்ற ஒரே ஓர் ஊர், இங்கெல்லாம் பேசுகிறார்கள். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் இருக்கும் அந்தோரா என்ற குட்டி மலைநாட்டில் அதுதான் ஆட்சிமொழி. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே ராமோன் யுல் என்ற மயோர்க்காக்காரர் அந்த மொழியில் தத்துவம் எழுதியிருக்கிறார்.

இப்படிப்பட்ட மொழியில்தான் 1939 ஜனவரி 26க்குப் பிறகு ஒரு கடைப் பலகைகூட வைக்க முடியாமல் போனது. அன்றுதான், ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் குடியரசுக்கு எதிராகக் கிளம்பிச் சர்வாதிகாரியான ஜெனரல் ஃபிராங்கோவின் படை பார்சலோனாவுக்குள் நுழைந்தது. பள்ளிக்கூடத்தில் கட்டலான் கிடையாது, அலுவலகத்தில் கிடையாது, பத்திரிகையில் கிடையாது. ‘நீ ஸ்பானியன் என்றால் பேரரசின் மொழியில் பேசு’ என்று சுவரொட்டி ஒட்டினார்கள். வீட்டுக்குள் பேசலாம், அதற்குத் தடை போட எந்த அரசாங்கத்தாலும் முடியாதல்லவா? புத்தகம் போடுவது மட்டும் ஏழெட்டு வருஷம் ஏறக்குறைய நின்றுபோனது. உலகப் போரில் ஹிட்லர் தோற்ற பிறகு, தோற்ற பக்கத்தின் நண்பனாக இருந்த ஃபிராங்கோ உலகத்துக்குக் கொஞ்சம் நல்ல முகம் காட்டவேண்டி வந்தது. 1946 வாக்கில் கதவு ஒரு விரல்கடை திறந்தது.

பார்சலோனா விழுந்த அன்று எஸ்பிரியுவுக்கு இருபத்தைந்து வயது. அதற்குள் அவர் ஒரு பேர்பெற்ற எழுத்தாளர். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கவிஞராக அல்ல, கதைக்காரராக.

சாந்தா கொலோமா டெ ஃபார்னர்ஸ் என்ற உள்நாட்டு ஊரில் பிறந்தார். அப்பா பிரான்செஸ்க் அங்கே நோட்டரி. ஆனால் அப்பா, அம்மா இரண்டு பேரின் வேரும் பார்சலோனாவுக்கு வடகிழக்கே கடலோரத்தில் இருக்கும் அரெனிஸ் டெ மார் என்ற ஊரில். கடலோடிகளின் ஊர். ஒரு காலத்தில் அமெரிக்கா வரை போய்வந்த கப்பல்களும் கப்பித்தான்களும், கப்பல் கட்டும் பட்டறைகளும், திண்டில் ஊசி குத்தி லேஸ் பின்னும் பெண்களுமாக இருந்த ஊர். எஸ்பிரியு பிறந்த சமயத்தில் அந்தப் பவிசெல்லாம் போய், பழைய கதை பேசும் கிழவர்கள் மட்டும் மிச்சமிருந்தார்கள். பையன் பார்சலோனாவில் பள்ளிக்கூடம் போனான், விடுமுறையில் அரெனிஸ். பத்து வயதை ஒட்டிக் கடுமையாக நோயில் விழுந்தான். வெகுகாலம் படுக்கை. உடன்பிறந்தவர்களில் இருவர் இளவயதிலேயே இறந்துபோனார்கள். படுக்கையில் கிடந்த பையன் படித்தான், கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தான். பைபிள் மனப்பாடம் மாதிரி ஏறியது அப்போதுதான்.

பதினாறு வயதில், 1929இல், முதல் புத்தகம் வந்துவிட்டது. ‘இஸ்ரேல்’ என்று பைபிள் சம்பவங்களை வைத்து எழுதிய சித்திரங்கள். ஸ்பானிஷில் எழுதியது. அதற்கப்புறம் 1931இல் ‘டாக்டர் ரிப்’, 1932இல் ‘லாயா’, 1935இல் ‘கோமாளிப் புதிர்க்கோட்டையில் அரியாத்னா’ என்று வரிசையாகக் கட்டலானில். சட்டம் படித்தார், பழங்கால வரலாறு படித்தார். 1933 கோடையில் ஸ்பெயினின் பல்கலைக்கழக மாணவர்களையும் பேராசிரியர்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் மத்தியதரைக் கடலைச் சுற்றி வந்தது. எகிப்து, பாலஸ்தீனம், துருக்கி, கிரேக்கம். அதில் எஸ்பிரியுவும் போனார். எகிப்தைப் பார்த்ததும் ஆள் மயங்கிவிட்டார். எகிப்தியலில் ஆராய்ச்சி செய்யவேண்டும், அந்தச் சித்திர எழுத்தைப் படிக்கவேண்டும், இதுதான் வாழ்க்கை என்று தீர்மானம். செத்தவர்களை மூவாயிரம் வருஷம் பாதுகாத்து வைத்த ஒரு நாகரிகத்தின்மேல் ஏன் இந்தப் பையனுக்கு அவ்வளவு பிரியம் வந்தது என்பதற்கு அவருடைய பின்னாளைய புத்தகங்களைப் புரட்டினால் விடை கிடைக்கும்.

1936 ஜூலை 18. உள்நாட்டுப் போர்.

போரில் எகிப்தியல் போயிற்று. நெருங்கிய நண்பர் போனார். மயோர்க்காவைச் சேர்ந்த பார்த்தொமேவ் ருசெயோ-போர்செல் என்ற இளங்கவிஞர், அவர் தலைமுறையிலேயே பெரிய திறமைசாலி என்று எஸ்பிரியு சாகும்வரை நம்பிய மனிதர், 1938 ஜனவரி 5 அன்று காசநோய் மருத்துவமனையில் இறந்தார். வயது இருபத்து நான்கு. 1940இல் அப்பாவும் போனார். குடும்பத்துக்கு வருமானம் இல்லை. போரில் தோற்ற பக்கத்துப் பட்டதாரிக்குப் பல்கலைக்கழகத்தில் யார் நாற்காலி போடுவார்கள்? அப்பாவின் தொழில் பக்கமே திரும்ப வேண்டியதாயிற்று. பார்சலோனாவில் ஒரு நோட்டரியிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

இங்கே ஒரு விளக்கம். நோட்டரி என்றதும் கோர்ட் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து முத்திரை குத்தித் தருகிறவர் ஞாபகம் வரும். ஸ்பெயினில் நோட்டரி என்பது பெரிய பதவி. சொத்து கைமாறுவது, கம்பெனி தொடங்குவது, கல்யாண ஒப்பந்தம், உயில், எல்லாமே வழக்கமாக அவர் முன்னால்தான் எழுதிக் கையெழுத்தாகும். அந்த அலுவலகத்தில் எஸ்பிரியுவுக்கு வேலை, அந்தப் பத்திரங்களைத் தயாரிப்பது. எல்லாம் ஸ்பானிஷில். யார் பெயரில் என்ன இருக்கிறது, யார் செத்தால் யாருக்குப் போகும், அந்தத் துண்டு நிலத்துக்கு நாலு எல்லையும் எது? இதை அவர் வெறுத்தார். ஆனால் ஒழுங்காகச் செய்தார். எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அவருடைய கவிதையில் ஒரு சொல் கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று எல்லாரும் வியக்கிறார்களே, அந்தக் கட்டில் பாதியையாவது இந்த வேலை கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். பத்திரத்தில் ஒரு சொல் பிசகினால் வழக்கு வரும்.

1952இல் வந்த ‘மணிப்பொழுதுகள்’ என்ற தொகுப்பில் ஒரு விஷயம் இருக்கிறது. புத்தகம் மூன்று பகுதி. முதல் பகுதி இறந்துபோன நண்பன் ருசெயோ-போர்செலின் நினைவுக்கு. இரண்டாவது இறந்துபோன தாயின் நினைவுக்கு. மூன்றாவது சலோம் என்பவரின் நினைவுக்கு. சலோம் யார்? அவருடைய கதைகளிலும் கவிதைகளிலும் நடமாடும் ஒரு பாத்திரம், எஸ்பிரியு தனக்கே வைத்துக்கொண்ட மறுபெயர். அந்த சலோமின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு தேதி போட்டிருக்கிறார். 1936 ஜூலை 18. அதாவது, போர் தொடங்கிய அன்றே நான் செத்துவிட்டேன் என்று தன் மரணத்தைத் தானே பதிவு செய்துவிட்டார். நோட்டரி அலுவலக ஆள் அல்லவா, தேதி தப்பாது.

செத்தவன் எங்கே குடியிருப்பான்? கல்லறைத் தோட்டத்தில்தானே? 1946இல் அவருடைய முதல் கவிதைத் தொகுப்பு வருகிறது, நண்பர்கள் வட்டத்துக்கு மட்டும் போகும்படியான சின்னப் பதிப்பாக. பெயர் ‘சினேராவின் கல்லறைத் தோட்டம்’. சினேரா என்று வரைபடத்தில் ஊர் கிடையாது. அரெனிஸ் என்ற பெயரின் எழுத்துகளைப் பின்னாலிருந்து வாசித்தால் சினேரா. பையனாக இருக்கையில் ஓடித்திரிந்த ஊரைத் தலைகீழாக்கித் தன் எழுத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். 30 சின்னக் கவிதைகள். தலைப்பே கிடையாது, எண்தான். அந்தப் பெரும் மௌன காலத்துக்குப் பிறகு முதல் முதலாக வெளிவந்த கட்டலான் நூல்களில் இதுவும் ஒன்று.

அரெனிஸ் கல்லறைத் தோட்டம் ஊருக்கு மேலே குன்றின்மேல் இருக்கிறது. வெள்ளைச் சுவர், வரிசையாக சைப்ரஸ் மரங்கள், கீழே கடல். கப்பித்தான்களும் அவர்களுடைய விதவைகளும் அங்கேதான் உறங்குகிறார்கள். ஊருக்குள் தெருக்களே ஓடைகள்தான். ரியால் என்பார்கள். மழை பெய்தால் தண்ணீர் ஓடும், மற்ற நாளில் மனிதர் நடக்கும் புழுதித் தெரு. தொகுப்பின் இரண்டாவது கவிதையை என் தமிழில் சொல்கிறேன்.

எவ்வளவு சின்னத் தாயகத்தைச் சுற்றி வளைத்திருக்கிறது
இந்தக் கல்லறைத் தோட்டம்!
இந்தக் கடல், சினேரா,
பைன் மரமும் திராட்சையும் நிற்கும் மேடுகள்,
ஓடைத் தெருக்களின் புழுதி.
வேறெதையும் நேசிக்கவில்லை நான்,
போய்க்கொண்டிருக்கும் ஒரு மேகத்தின் நிழலைத் தவிர.
திரும்பி வராமல் கழிந்த நாட்களின்
மெதுவான ஞாபகம்.

இதில் என்ன அரசியல் இருக்கிறது? தணிக்கைக்காரர் படித்திருந்தாலும் ஒன்றும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஊர், கடல், மேகம், புழுதி. ஆனால் 1946இல் இதைக் கட்டலானில் படித்த ஒருவருக்கு, ‘எவ்வளவு சின்னத் தாயகம்’ என்ற முதல் வரியே போதும். நமக்கு இனி மிச்சம் இவ்வளவுதான், ஒரு கல்லறைத் தோட்டம் கொள்ளுமளவு. பத்திரத்தில் நாலு எல்லை எழுதுகிற மனிதர், தன் நாட்டுக்கும் நாலு எல்லை எழுதிவிட்டார். கிழக்கே கடல் இருக்கிறது, மற்றவை மேடும் ஓடையும். அழுகை இல்லை, சாபம் இல்லை. கவிதை முழுக்க ஒரு வினைச்சொல்கூட உரக்கப் பேசாது. எஸ்பிரியுவின் எல்லாப் புத்தகங்களிலும் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள், மற்றதைக் கொடுத்துவிடு என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன். அவரை தேசியக் கவிஞர் என்று கொண்டாடுகிறவர்கள் வேறொன்றைச் சொல்வார்கள். அதற்கு வருகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு கதை. சினேரா கவிதையில் பிறந்ததல்ல, போருக்கு முன்பே கதையில் பிறந்தது. 1935 தொகுப்பில் ‘படியிறங்கிவந்த தெரெசெத்தா’ என்று ஒன்று உண்டு. நாலைந்து பக்கம்தான் வரும். ஊர்க் கோவிலின் படிக்கட்டு. அந்தப் படியில் தெரெசெத்தா என்ற சிறுமி இறங்கி வருகிறாள். விளையாடும் பிள்ளைகளின் கத்தல் கேட்கிறது. அடுத்த பத்தியில் அவள் வளர்ந்த பெண். கவனிக்கிறார்கள், பேசிக்கொள்கிறார்கள். அதற்கடுத்து வயது ஏறிவிட்டது. பிறகு கிழவி. கடைசியில் அதே படிகளில் அவளுடைய சவப்பெட்டி இறங்குகிறது. இத்தனைக்கும் நடுவில் ஆசிரியர் குறுக்கே வந்து ‘காலம் ஓடியது’ என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஊர்ச்சனத்தின் பேச்சு மட்டுமே கேட்கிறது. பேச்சின் தொனி மாறுவதை வைத்துத்தான் எத்தனை வருஷம் போயிற்று என்று நாம் கணக்குப் போடவேண்டும். விளையாட்டுச் சண்டை வம்பாகி, வம்பு அனுதாபமாகி, அனுதாபம் மூச்சிரைப்பாகி முடிகிறது. பேசுகிறவர்களும் கூடவே கிழடாகிக்கொண்டு வருகிறார்கள் என்பது கடைசியில்தான் உறைக்கும். இதை எழுதியபோது அவருக்கு இருபது, இருபத்தொரு வயது. இருபது வயதில் இதை எழுதிய ஆளுக்கு மேற்கொண்டு வாழ்க்கையில் அனுபவப்பட என்ன இருந்தது என்று யோசிக்கத் தோன்றுகிறது.

1948இல் ‘எஸ்தரின் முதல் வரலாறு’ என்ற நாடகம். பொம்மலாட்டத்துக்கான நாடகம் என்று அவரே சொல்கிறார். பைபிள் தெரிந்த நேயர்களுக்குக் கதை தெரியும். அகாஸ்வேரு ராஜா, யூதப் பெண் எஸ்தர், அவளை வளர்த்த மொர்தெகாய், யூதர்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் கொன்றுவிட நாள் குறித்த ஆமான். எஸ்தர் தன் சனத்தைக் காப்பாற்றுகிறாள், ஆமான் தூக்கில் தொங்குகிறான். இந்தக் கதையை எஸ்பிரியு பாரசீகத்தில் நடத்தவில்லை. சினேராவில், தன் வீட்டுத் தோட்டத்தில், ஐந்து மரங்களுக்கு நடுவில் நடத்துகிறார். அல்திசிம் என்ற கண்பார்வையற்ற கிழவர் பொம்மைகளை ஆட்டுவித்துக் கதை சொல்கிறார். ஊர்ப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். சூசான் அரண்மனையும் அரெனிஸ் சந்தையும் ஒன்றோடொன்று கலந்துபோகின்றன.

இந்த நாடகத்தின் மொழி பயங்கரமானது. கட்டலான்காரர்களே அகராதி வைத்துக்கொண்டு படிப்பார்கள். மாலுமிகளின் சொல், அடுப்படிச் சொல், லேஸ் பின்னுகிற பெண்களின் சொல், வசவு, பழமொழி, ஜெபம், எல்லாவற்றையும் வாரிப் போட்டிருக்கிறார். காரணம் இருக்கிறது. இந்த மொழி இனிப் பிழைக்காது என்று அப்போது அவர் நம்பினார். போகிற மொழியின் சொத்து முழுவதையும் ஓரிடத்தில் எழுதிவைத்துவிடும் எண்ணம். உயில் எழுதுவது அவருக்குத் தெரிந்த வேலைதானே?

யூதர்கள் பிழைத்ததோடு அவர் நாடகத்தை முடித்திருக்கலாம். பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நின்று கைதட்டு வாங்கியிருக்கலாம். செய்யவில்லை. பிழைத்தவர்கள் திருப்பிக் கொன்றதையும் பைபிள் சொல்கிறது, அவரும் விடவில்லை. கடைசியில் கிழவர் அல்திசிம் பிள்ளைகளைப் பார்த்துப் பேசுகிறார். ஒருவருக்கொருவர் மன்னிப்பையும் பொறுமையையும் பிச்சையாகப் போட்டுக்கொள்ளுங்கள், சகோதரர்களுக்குள் நடக்கும் போர்தான் எல்லாவற்றிலும் பெரிய குற்றம், அதைத் தவிருங்கள் என்கிறார். உண்மை என்ற கண்ணாடி ஆதியிலேயே உடைந்து தூள்தூளாகிவிட்டது, ஆனாலும் ஒவ்வொரு துணுக்கிலும் அசல் வெளிச்சத்தின் ஒரு பொடி இருக்கிறது என்கிறார். உள்நாட்டுப் போர் முடிந்து ஒன்பதே வருஷம். வென்றவர்கள் வெற்றி விழா கொண்டாடிக்கொண்டிருக்கிறார்கள், தோற்றவர்கள் இன்னும் சிறையில். அந்த நேரத்தில் தோற்ற பக்கத்து ஆள் ஒருவர் எழுதியது இது. 1957 வரை மேடையேறவில்லை.

இதே விஷயத்தை அவர் 1939லேயே, பார்சலோனா விழுந்த சில வாரங்களுக்குள், ‘அந்திகோனா’வாக எழுதி வைத்திருந்தார். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் கொன்ற கதை. அது அச்சாக 1955 ஆயிற்று.

இனி புகழுக்கு வருவோம். 1960இல் ‘காளைத்தோல்’ வெளிவந்தது. 54 கவிதைகள். ஐபீரியத் தீபகற்பத்தின் வடிவம் விரித்துப்போட்ட மாட்டுத்தோல் மாதிரி இருக்கிறது என்று பழைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ சொல்லியிருக்கிறார். அதிலிருந்து எடுத்த தலைப்பு. முதல் கவிதையிலேயே காளை, களத்தில் விரித்திருக்கும் தோலை முட்டித் தூக்கிக் கொடியாக்குகிறது. அது யார் தோல்? அதனுடைய தோலேதான். ஸ்பெயினை அவர் ஸ்பெயின் என்று அழைப்பதில்லை. செஃபராத் என்கிறார். பைபிளில் ஒபதியா ஆகமத்தில் வருகிற பெயர். அங்கிருந்து 1492இல் துரத்தப்பட்ட யூதர்கள் அந்த நாட்டுக்கு வழங்கிய பெயரும் அதுவே. துரத்தப்பட்டவர்களின் வாயால் அந்த நாட்டைக் கூப்பிடுகிறார்.

46ஆவது கவிதை எல்லாருக்கும் மனப்பாடம். யோவான் சுவிசேஷத்தில் பிரதான ஆசாரியன் காய்பா சொல்வான், ஜனங்களுக்காக ஒரே மனுஷன் மரிப்பது நலம் என்று. எஸ்பிரியு அதை எடுத்துத் திருப்புகிறார். சில வேளை ஒரு மனிதன் ஒரு சனத்துக்காகச் சாகவேண்டி வரலாம், ஆனால் ஒரு சனம் முழுவதும் ஒரே ஒரு மனிதனுக்காக ஒருபோதும் சாகக்கூடாது, செஃபராத்தே, இதை எப்போதும் நினைவில் வை. 1960இல் அந்த ஒரே ஒரு மனிதன் யார் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாணயத்தில் அவன் முகம் இருந்தது. கவிதை அங்கே நிற்காமல், பேச்சுவார்த்தையின் பாலங்களை உறுதியாக வைத்துக்கொள், உன் பிள்ளைகளின் விதவிதமான அறிவையும் மொழியையும் புரிந்துகொண்டு நேசிக்கப் பார் என்று போகிறது.

இந்தக் கவிதைகளை வலென்சியாவைச் சேர்ந்த ராய்மோன் என்ற இளம் பாடகர் கையிலெடுத்தார். கிதாரோடு மேடையில் நின்று பாடினார். 1966இல் எஸ்பிரியுவின் கவிதைகளுக்கு இசையமைத்து ஓர் இசைத்தட்டே போட்டார். அதன் உறையை வரைந்தவர் ஓவியர் ஜோவான் மீரோ. புத்தகம் தொடாதவர்கள்கூட எஸ்பிரியுவைப் பாட ஆரம்பித்தார்கள். ராய்மோனுக்காக அவர் எழுதிய ஒரு கவிதையில், உங்களுக்கு வார்த்தைகளைக் காப்பாற்றித் தரவும், ஒவ்வொரு பொருளின் பெயரையும் உங்களிடம் திருப்பிக் கொடுக்கவுமே நாங்கள் வாழ்ந்தோம் என்று வரும். பள்ளியில் தாய்மொழி படிக்காமல் வளர்ந்த ஒரு தலைமுறை அதைக் கேட்டது.

அதே 1966 மார்ச் 9. பார்சலோனாவின் சாரியா பகுதியில் கப்புச்சின் துறவிகளின் மடத்தில் மாணவர்கள் கூடினார்கள், அரசாங்கக் கட்டுப்பாட்டில் இல்லாத மாணவர் சங்கம் ஒன்றைத் தொடங்க. துணைக்கு எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் பேராசிரியர்களையும் அழைத்திருந்தார்கள். ஓவியர் அந்தோனி தாப்பியெஸ் வந்திருந்தார், கவிஞர் ஜோவான் ஒலிவெர் வந்திருந்தார். வீட்டை விட்டு வெளியே வராத எஸ்பிரியுவும் வந்திருந்தார். போலீஸ் மடத்தைச் சுற்றி வளைத்தது. வெளியே வருகிறவர்கள் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார்கள். உள்ளே இருந்தவர்கள் போகவில்லை. துறவிகள் இருந்ததைப் பகிர்ந்து சாப்பாடு போட்டார்கள். மூன்றாம் நாள் போலீஸ் உள்ளே புகுந்தது. எஸ்பிரியுவுக்கும் அபராதம் விழுந்தது. அப்போது வயது ஐம்பத்திரண்டு, உடம்பு என்றைக்குமே சொகமில்லை. இப்படி ஒதுங்கி வாழ்கிற ஒருவர் அங்கே போனது பெரிய விஷயம்தான். ஆனால் அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போய் மறுபடியும் பழைய ஒதுக்கத்திலேயே இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கட்சி எதிலும் போய் உட்காரவில்லை.

எனக்கு ‘காளைத்தோல்’ மேல் கொஞ்சம் மனக்குறை உண்டு. பல பக்கங்களில் பிரசங்க வாடை அடிக்கிறது. ஒரு சனத்துக்கே புத்தி சொல்லவேண்டும் என்ற பாரம் வரிகளின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நல்ல கவிதைகள் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இதை வைத்து மட்டும் அவரை எடை போட்டது ஒரு விபத்து. அவரே தன் எழுத்து முழுவதும் மரணத்தைப் பற்றிய தியானம் என்றுதான் சொல்லிக்கொண்டார். அந்தத் தியானத்தில் ஒரு சனத்தின் மரணமும் ஒரு பகுதி. ஜனங்கள் அந்தப் பகுதியை மட்டும் பிய்த்தெடுத்துக்கொண்டு கொடியாகப் பிடித்தார்கள். ‘திருமதி சாவு’ என்று ஆங்கிலப் பட்டத்தோடு ஒரு தொகுப்பும், ‘புதிர்க்கோட்டையின் முடிவு’ என்று கடவுளைத் தேடிப் போய் இருட்டில் கரைகிற ஒரு தொகுப்பும் அவருக்கு உண்டு. அவற்றை எந்த மேடையிலும் பாடமுடியாது. கைதட்டவும் முடியாது.

கொடி பிடித்தவர்கள் சௌகரியமாக விட்டுவிட்ட இன்னொரு விஷயம், தன் நாட்டின்மேல் அவருக்கிருந்த எரிச்சல். ‘கோவிலில் ஒரு பாட்டுக்கு ஒத்திகை’ என்ற கவிதை 1954இல் வந்தது. கோழையான, கிழடான, காட்டுத்தனமான இந்த என் மண்ணோடு எனக்கு எவ்வளவு சலிப்பாக இருக்கிறது என்று ஆரம்பிக்கிறது. வடக்கே போய்விட ஆசை. அங்கே மனிதர்கள் சுத்தமாம், உயர்ந்தவர்களாம், படித்தவர்களாம், பணக்காரர்களாம், சுதந்திரமாம், விழிப்பாம், சந்தோஷமாம். அந்த அடுக்கலிலேயே நக்கல் இருக்கிறது. நான் போனால் சபையில் சகோதரர்கள் வசனம் சொல்லுவார்கள், தன் கூட்டைவிட்டு அலையும் குருவி எப்படியோ அப்படியே தன் ஸ்தானத்தை விட்டு அலையும் மனுஷனும் என்று. நான் தூரத்தில் இருந்து சிரிப்பேன். ஆனால் போகமாட்டேன். சாகும்வரை இங்கேயே கிடப்பேன், ஏனென்றால் நானும் கோழை, நானும் காட்டான். தவிர, ஏழையான, அழுக்கான, சோகமான, அதிர்ஷ்டமில்லாத இந்த நாட்டை ஆற்றமாட்டாத வலியோடு நேசிக்கிறேன். தேசபக்திப் பாடல் எழுதச் சொன்னால் இப்படி எழுதித் தருகிறவரை எந்த அரசாங்கம் விரும்பும்?

ஆனாலும் விருதுகள் வந்தன. 1972இல் கட்டலான் இலக்கியத்தின் கௌரவப் பரிசு. ஃபிராங்கோ 1975இல் இறந்து, கட்டலான் அரசாங்கம் திரும்பி வந்த பிறகு 1980இல் அதன் தங்கப் பதக்கம். நோபல் பரிசுக்கு ஒருமுறைக்கு மேல் பெயர் போயிற்று. 1982இல் மாட்ரிட் அரசாங்கம் அல்ஃபோன்சோ அரசர் பெயரிலான விருதைக் கொடுக்க முன்வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார். நோட்டரி அலுவலகத்தை 1960 வாக்கில் விட்டுவிட்டு, டாக்டரான தம்பி யோசெப் தொடங்கி நடத்திய மருத்துவ அமைப்பில் வேலை பார்த்தார். பார்சலோனாவின் பெரிய வீதியான பஸ்செய்ச் டெ கிராசியாவில் காசா ஃபுஸ்தெர் என்ற அழகான கட்டடத்தில் குடியிருந்தார். இன்று அது நட்சத்திர ஓட்டல், வாசலெதிரே இருக்கும் சின்னப் பூங்காவுக்கு அவர் பெயர்.

வீட்டில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? திருத்திக்கொண்டிருந்தார். ஏற்கெனவே அச்சான புத்தகங்களை எடுத்து மறுபடி மறுபடி எழுதினார். இருபது வயதில் எழுதிய கதைகளை ஐம்பது வயதில் சொல் சொல்லாகப் பிரித்துக் கட்டினார். ஒரே கதைக்கு மூன்று, நான்கு வடிவங்கள் இருக்கின்றன. ஆராய்ச்சியாளர்களுக்கு நல்ல பிழைப்பு. அவர் இறந்த பிறகு அரெனிஸ் கல்லறைத் தோட்டத்தில், குடும்பத்தார் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அதே ஊரில் அவருடைய கையெழுத்துப் படிகளுக்கும் ஆய்வுக்குமாக ஒரு மையம் நடக்கிறது.

நேரமாகிறது, ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். இவ்வளவு நேரம் சாவு, சாவு என்றே பேசிவிட்டேன். எஸ்பிரியு சிரிக்க வைக்கிறவர். ஸ்பெயினுக்கு அவர் கதைகளில் வைத்த பெயர் கொனிலோசியா, முயல்களின் நாடு என்கிற மாதிரி. கட்டலோனியாவுக்கு அல்ஃபராஞ்சா, பார்சலோனாவுக்கு லவீனியா. இந்த நாடுகளில் திரிகிறவர்கள் எல்லாம் முடங்கிப்போன பிரபுக்கள், கர்வம் பிடித்த பேராசிரியர்கள், ஊர் வம்புக் கிழவிகள், அரைகுறைக் கவிஞர்கள். பொம்மலாட்டக் கயிற்றில் தொங்குகிற மாதிரி கை காலை உதைத்துக்கொண்டு வருகிறார்கள். சலோம் என்ற பேரில் தன்னையும் அவர்களுக்கு நடுவில் ஒரு கோமாளியாக உலவவிட்டிருக்கிறார். 2013இல் அவருடைய நூற்றாண்டை அரசாங்கமே ஒரு வருஷம் கொண்டாடியது. கண்காட்சி, கருத்தரங்கு, மேடைப் பேச்சு எல்லாம் நடந்தன. கொனிலோசியாவில் அப்படி ஒரு விழா நடந்திருந்தால் சலோம் அதை எப்படி வர்ணித்திருப்பான் என்று யோசித்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

படிக்க விரும்புகிறவர்கள் ‘காளைத்தோல்’ பக்கம் முதலில் போகாதீர்கள். தெரெசெத்தா கதையில் ஆரம்பியுங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. பிறகு சினேரா கவிதைகள், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு வீதம். எஸ்தர் நாடகத்தை மொழிபெயர்ப்பில் படித்தால் பாதிச் சரக்கு போய்விடும், ஆனால் மிச்சப் பாதியே தாராளம். ஆங்கிலத்தில் இவை கிடைக்கின்றன. தமிழில் யாராவது துணிந்து இறங்கினால் முதல் ஆளாக வாங்குவேன்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.